பழுது பார்த்த கைகள் – 11: மூன்று காலில் தொடங்கும் வேலை

பாய் எழுதியாயிற்று, களத்துப் படங்கும் எழுதியாயிற்று, அடுத்தது கம்பளமா என்று ஒரு நண்பர் கேட்டார். கேலிதான். வன்னியில் யார் வீட்டில் கம்பளம் இருந்தது? கோயில் கச்சேரிக்குச் சமுக்காளம் விரிப்பார்கள். அதில் பொத்தல் விழுந்தால் அந்தப் பக்கத்தை உட்புறமாக மடித்து, மேலே யாராவது ஒரு பெரிய மனிதரை உட்கார வைத்துவிடுவார்கள். திருத்த வேலை அத்தோடு முடிந்தது.

ஆனால் கம்பளம் திருத்துகிறவர் செய்யும் அதே வேலையை, அறுந்துபோன இழையை நல்ல விளிம்பிலிருந்து பிடித்து மறுபடி கட்டி எழுப்பும் வேலையை, நாள் தவறாமல் செய்த கரை ஒன்று எங்களிடம் இருக்கிறது. கொக்கிளாயில் தொடங்கி நாயாறு, செம்மலை, அலம்பில், சிலாவத்தை, முல்லைத்தீவு, வட்டுவாகல், மாத்தளன், சாலை என்று வடக்கே நீளும் கரை. அங்கே பொத்தப்பட்டது வலை. இந்த வாரம் அந்த வலையும், அதைப் பொத்திய ஊசியும், நூலும்.

வலையின் வயதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1913-ல் அந்நாளைய பின்லாந்தின் அந்த்ரேயா என்ற ஊரில் (இன்று ரஷ்யாவுக்குள் இருக்கிறது) சதுப்பு நிலத்தை வெட்டியபோது வில்லோ மரப்பட்டை நாரால் முடிந்த வலை ஒன்று வெளிவந்தது. ஏறத்தாழ 30 மீற்றர் நீளம். கண் 6 சென்ரிமீற்றர். மிதப்புக்குப் பைன் மரப்பட்டை, பாரத்துக்குக் கல். பத்தாயிரம் ஆண்டுக்கு முந்தியது என்கிறார்கள். அலம்பில் கரையில் இன்று காயும் வலையை அதன் பக்கத்தில் போட்டால் நூலும் முடிச்சும் வேறாக இருக்கும்; உறுப்புகள் அதே உறுப்புகள்தான். மேலே மிதப்பு, கீழே பாரம், நடுவே கண்.

எங்கள் கரையின் பழைய பெரிய வலை கரைவலை. கரைவலைக்கு ஒரே நூல் போதாது. இரண்டு பக்கக் கைகளும் தென்னந்தும்புக் கயிற்றில், ஆள் நுழையலாம் போன்ற பெரிய கண்களோடு இருக்கும். மீனை விரட்டுவதுதான் அவற்றின் வேலை. மடியை நெருங்க நெருங்கக் கண் சிறுக்கும், நூல் மெலியும். மடி சணலில் அல்லது பருத்தியில். ஆகவே பொத்துகிறவருக்கும் ஒரே கை போதாது. தும்புக் கையைக் கயிறு திரிப்பவன் போலத் திருத்த வேண்டும், மடியைத் தையற்காரி போல.

சணலும் பருத்தியும் செடி தந்தவை. நனைந்து, மீன்செதில் ஒட்டி, காயாமல் குவிந்து கிடந்தால் நுண்ணுயிர் தின்றுவிடும். வலையைக் கடல் கிழித்ததைவிட இந்த அழுகல் தின்றது அதிகம். அதனால் அந்தக் காலத் திருத்த வேலையில் பெரும்பங்கு கிழிவதற்கு முன்னாலேயே நடந்தது. வெயிலில் விரிப்பது, உதறுவது, சாயம் போடுவது.

சாயத்துக்குப் பனிச்சங்காய். ஆற்றங்கரையிலும் காட்டோடைகளின் ஓரத்திலும் நிற்கும் பனிச்சை மரத்தின் பழுக்காத காயை இடித்துத் தண்ணீரில் ஊறப்போட்டால் பசைபோன்ற துவர்ச்சாறு இறங்கும். வலையை அதில் தோய்த்துக் காயவைத்தால் நூல் கபில நிறமாகி விறைக்கும், அழுகல் பின்வாங்கும். அதே சாற்றைக் கரியோடு குழைத்துத் தோணியின் அடியிலும் பூசுவது இந்தியக் கரைகளிலும் இலங்கையிலும் இருந்த வழக்கம். கடலோரத்தில் உப்பு மணலில் பனிச்சை வளராது. காய்க்குக் காட்டுப்பக்கம் போக வேண்டும். கடலை நம்பிப் பிழைத்தவருக்கும் காடு வேண்டியிருந்தது என்பதை இந்த ஒரு காய் காட்டுகிறது. நெல்லுக்குக் கருவாடு மாற்றிய கதையை எல்லோரும் எழுதுகிறார்கள், பனிச்சங்காயை எழுதுவாரில்லை.

இது எங்களுக்கு மட்டும் வந்த தொல்லை என்று நினைக்க வேண்டாம். ஸ்கொட்லாந்துத் துறைமுகங்களில் பெரிய செப்புத் தொட்டிகளில் வலையைக் காய்ச்சினார்கள். அவர்கள் காய்ச்சிய சாறு எது தெரியுமா? காசுக்கட்டி. எங்கள் ஆச்சிமார் வெற்றிலையோடு வாயில் போட்ட அதே துவர்ப்புக் கட்டி, பர்மாவிலிருந்து கப்பலேறிப் போய் ஹெரிங் மீன் வலைகளைக் காப்பாற்றியது.

இனி ஊசி. தையல் ஊசியை நினைக்கக் கூடாது. ஒரு சாணுக்குக் கிட்டிய நீளம், இரண்டு விரல் அகலம், தட்டையான துண்டு. ஒரு முனை கூர், மறுமுனை பிளவு. கூர்ப்பக்கத்தை நடுவே குடைந்து நாக்குப் போல ஒரு குச்சியை விட்டிருப்பார்கள். நூலை நாக்கில் கொளுவி, பிளவுக்கு இறக்கி, ஊசியைத் திருப்பி, மறுபக்கமாக மீண்டும் நாக்குக்கு ஏற்றுவது. இப்படிச் சுற்றச் சுற்ற ஊசியே நூற்கட்டையும் ஆகிவிடுகிறது. முன்பு மூங்கிலிலும் மரத்திலும் அவரவரே செதுக்கினார்கள். ஊசியின் அகலம் வலைக்கண்ணுக்குள் நுழைய வேண்டும் என்பதால் கண்ணுக்கு ஒரு ஊசி. அதோடு ஒரு அளவுப் பலகை. மட்டமாகச் சீவிய சிறு சிராய்தான். அதைச் சுற்றி நூலைப் போட்டு முடிந்தால் எல்லாக் கண்ணும் ஒரே அளவில் வரும். பழக்கப்பட்ட கைக்குப் பலகை தேவையில்லை, விரல்தான் பலகை. ஒருவிரற் கண், இருவிரற் கண் என்று சொல்வது அதனால்தான்.

சென்ற மாதம் முல்லைத்தீவுக் கரையில் ஒரு வாடியின் நிழலில், எழுபதைத் தாண்டிய ஒரு ஐயாவுக்கு முன்னால் குந்தியிருந்தேன். வலையின் ஒரு ஓரத்தைக் கால் பெருவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்திருந்தார். முழங்கை நீளத்துக்கு ஒரு பொத்தல். நான் நினைத்தேன், நூலைக் கொண்டு மூடப் போகிறார் என்று. அவரோ கத்தரிக்கோலை எடுத்து அதை இன்னும் பெரிதாக வெட்டத் தொடங்கினார்.

“என்ன ஐயா, வெட்டுறியள்?”

“தம்பி, வடிவாப் பாரும். நல்ல முடிச்சிலை நாலு கால் இருக்கும். கிழிஞ்ச இடத்திலை ஒண்டு, ரண்டு எண்டு அறுந்துபோய்க் கிடக்கும். மேலை ஒரு முடிச்சை மூண்டு காலோடை விடோணும், அதிலைதான் தொடக்கம். கீழை ஒண்டை மூண்டு காலோடை விடோணும், அதிலைதான் முடிவு. இடையிலை இருக்கிறதெல்லாம் ரண்டு கால். இப்பிடி வெட்டாமல் தொடங்கினீரோ, கடைசியிலை ஒரு கால் மிஞ்சும், இல்லாட்டிக் காணாது.”

வெட்டி முடித்தபின் பொத்தல் ஒழுங்கான ஒரு படிக்கட்டுப் போல இருந்தது. மேல் மூன்று காலில் முதல் முடிச்சைப் போட்டார். ஊசி ஒரு கண்ணுக்குள் கீழிருந்து மேலே வரும், நூல் விரலைச் சுற்றும், ஊசி அந்த வளையத்தின் பின்னால் போய்த் திரும்பும், பெருவிரலும் சுட்டுவிரலும் நுள்ளிப் பிடிக்க, ஒரு இழுவை. இடமிருந்து வலம், வலமிருந்து இடம். பக்க ஓரத்துக்கு வரும்போது மட்டும் கொஞ்சம் நின்று எண்ணினார். கால் மணித்தியாலத்துக்குள் கீழ் மூன்று காலில் வந்து முடிந்தது. நூலின் நிறம் வேறாக இருந்திராவிட்டால் எந்த இடம் பழையது, எது புதியது என்று நான் கண்டுபிடித்திருக்க மாட்டேன்.

ஐயாவுக்குப் பொத்தலைப் பார்த்தால் போதும், செய்தது யாரென்று சொல்லிவிடுவார். விரல் நுழையும் வட்டப் பொத்தல்கள் அடுத்தடுத்து இருந்தால் பேத்தை கடித்தது. நூல் நசிந்து அறுந்திருந்தால் நண்டு. அல்லது நண்டைக் கழற்றப் பொறுமையில்லாமல் நூலை அறுத்த மருமகன். ஆள் புகுமளவுக்குக் கிழிசல் என்றால் ஆமையோ ஓங்கிலோ. அடிக்கயிற்றின் ஓரமாக நீளக் கிழிந்திருந்தால் பாரில் மாட்டியது. கடைசியாக ஒன்றைச் சொன்னார்: வலையில் பாதி வருகிறது, மீதியைக் காணவில்லை, கயிறும் சேர்த்து அறுந்திருக்கிறது என்றால் அது றோலர், அடிமடி இழுக்கும் படகு. அதைப் பொத்துவதற்கில்லை. மூன்று கால் முடிச்சைத் தேட அங்கே வலையே இருக்காது.

நைலோன் வந்த கதைக்கு வருவோம். 1935-ல் அமெரிக்காவின் டூபொன்ட் நிறுவனத்தில் வாலஸ் கரோதர்ஸ் குழு அதை ஆக்கியது. முதலில் பல்துலக்கிக் குச்சத்துக்கும் பெண்களின் காலுறைக்கும் போனது, பிறகு போரில் பரசூட்டுக்குப் போனது, போர் முடிந்தபின் உலகெங்கும் வலைக்கு வந்தது. இலங்கையில் 1950களின் பிற்பகுதியில் அரசு இயந்திரப் படகுகளைக் கரைக்குக் கொண்டுவந்தது. 1964-ல் கடற்றொழில் கூட்டுத்தாபனம் பிறந்தது. அந்தப் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குள் பருத்தி வலை வடக்கில் ஒதுங்கிப்போனது.

வடக்குக்கு இதில் சொந்தக் கதை ஒன்றுண்டு. குருநகரைச் சேர்ந்த அந்தோனி இராஜேந்திரம் 1956-ல் நோர்வே போய்ச் சேர்ந்தவர். நோர்வேக்குக் குடிபோன முதல் தமிழர் என்று இன்று நினைக்கப்படுபவர். அங்கிருந்த மக்களிடம் உதவி திரட்டி அவர் தொடக்கிவைத்த முயற்சியில் 1960களின் பிற்பகுதியில் உருவானது சீநோர். காரைநகரில் படகு கட்டும் துறை, குருநகரில் வலைத் தொழிற்சாலை. வலைத் தொழிற்சாலை பின்னர் அரசின் வடகடல் நிறுவனத்துக்கு வந்தது. முல்லைத்தீவுச் சம்மாட்டிமார் நூலுக்கும் வலைக்கும் யாழ்ப்பாணத்தை நோக்கத் தொடங்கிய காலம் அது.

இங்கே நிதானிக்க வேண்டிய ஒரு செய்தி இருக்கிறது. வலைமுடிச்சுப் போடும் இயந்திரத்தை ஸ்கொட்லாந்தின் மசல்பரோவில் ஜேம்ஸ் பற்றர்சன் 1820-லேயே ஓட்டத் தொடங்கிவிட்டார். ஆனால் அது எங்கள் கரையின் வீட்டுத் திண்ணையை எட்ட நைலோன் வரும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு யாரும் வீட்டில் வலை கட்டுவதில்லை, ஆயத்த வலையாகத்தான் வாங்குகிறார்கள். கைக்கு மிஞ்சியவை இரண்டு: மேற்கயிறும் அடிக்கயிறும் கோப்பது, கிழிந்ததைப் பொத்துவது. முழுத் தொழிலாக இருந்தது பழுது பார்க்கும் தொழிலாகச் சுருங்கியது இப்படித்தான்.

நைலோன் அழுகாது. பனிச்சங்காய் இடித்த உரல்கள் ஓய்ந்தன. பருத்தி நனைந்தால் சற்று வலுக்கும், நைலோன் நனைந்தால் கொஞ்சம் தளரும்; ஆனாலும் அதே தடிப்பில் நைலோனை வெல்லப் பருத்தியால் முடியாது. பழைய நூலை நினைத்து உருகுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் அந்தக் கூட்டத்தில் இல்லை. ஈர வலையைத் தோளில் சுமந்து, தினமும் விரித்து, மாதந்தோறும் சாயம் போட்டவர்களின் முதுகை நைலோன் காப்பாற்றியது.

அதே நேரம் பொத்துகிறவருக்கு அது புதுச் சிக்கல்களைக் கொடுத்தது. முதலாவது வழுக்கல். பருத்தி நூலின் மயிர்கள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும், ஒற்றை முடிச்சே நிற்கும். நைலோன் வழுக்கும். ஆகவே நூலை இன்னொரு சுற்றுச் சுற்றி இரட்டை முடிச்சாகப் போடப் பழக வேண்டியதாயிற்று. இரண்டாவது, வெட்டிய முனை பிரிந்து பூப்போல விரியும். அதற்குத் தீக்குச்சி. முனையைச் சற்றே சுட்டால் உருகிச் சிறு மணியாக இறுகிவிடும். இன்று எந்த வாடியிலும் வலை ஊசிக்குப் பக்கத்தில் ஒரு லைட்டர் கிடக்கும். பீடிக்கு என்று நினைத்துவிடாதீர்கள். மூன்றாவது வெயில். பருத்தியைக் காப்பாற்றிய அதே வெயில் நைலோனைத் தின்னும். சூரிய ஒளியின் புறஊதாக் கதிர் பட்டுப் பட்டு நூல் நொய்ந்து, கையால் இழுத்தாலே அறும். அப்பன் வலையை வெயிலில் விரித்தான், மகன் கிடுகால் மூடி வைத்தான்.

அளவும் மாறியது. விரற் கணக்கு அங்குலக் கணக்காயிற்று. நூல் தடிப்புக்குக் கடையில் ‘210 டீ 9’ என்று கேட்கிறார்கள். 9,000 மீற்றர் நீளம் 210 கிராம் நிறுக்கும் இழை ஒன்பதை முறுக்கிய நூல் என்பது அதன் பொருள். கேட்கிறவருக்கு இந்தப் பொருள் தெரிந்திருக்கத் தேவையில்லை, கேட்ட நூல் கையில் வந்தவுடன் பல்லில் கடித்துப் பார்த்தே சரிபிழை சொல்லிவிடுவார். ஊசி பிளாஸ்ரிக்கில் வந்தது, அளவளவாக, சில்லறை விலைக்கு. மிதப்புக்கு மரத்துண்டு போய்ப் பிளாஸ்ரிக் வந்தது. அதற்கும் காசு இல்லாத இடத்தில் தேய்ந்த இறப்பர்ச் செருப்பை வட்டமாக வெட்டிக் கோத்தார்கள். சுட்ட மண் குண்டு போய் ஈயம் வந்தது.

குளத்துப் பக்கத்தையும் விட்டுவிடக் கூடாது. இலங்கைக் குளங்களுக்கு 1952-ல் திலாப்பியா வந்தது. கிளிநொச்சியில் இரணைமடு, முல்லைத்தீவில் முத்தையன்கட்டும் வவுனிக்குளமும் என்று நன்னீர் மீன்பிடி அதன் பின்னால் வளர்ந்தது. அங்கே வலையின் எதிரி பேத்தையோ பாரோ இல்லை. குளம் கட்டியபோது நீருக்குள் மூழ்கிய மரங்களின் கட்டைகள். இரணைமடுவில் வலை போடுகிறவருக்கு எந்தக் கட்டை எங்கே நிற்கிறது என்ற படம் தலைக்குள் இருக்கும். நீர் வற்றினால் படம் மாறும், அன்றைக்கு ஊசிக்கு வேலை.

போர்க்காலத்தைச் சுருக்கமாகவே எழுதுகிறேன், விரிவாக எழுத வேறு பேனாக்கள் இருக்கின்றன. 1984 டிசம்பரில் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி மக்கள் ஊரைவிட்டு வெளியேற நேர்ந்தது. 1990களில் பொருளாதாரத் தடை. “நூல் இல்லாத காலத்திலை, ரண்டு பழைய வலையைப் பிரிச்சு ஒரு வலையைப் பொத்தினனாங்கள்” என்று சிலாவத்தையில் ஒரு அக்கா சொன்னார். முடிச்சு முடிச்சாக அவிழ்த்து, நூலை நீவி, ஊசியில் சுற்றி. அந்த வேலையைப் பிள்ளைகளும் பெண்களும்தான் செய்தார்கள். அவிழ்த்தறிந்த கை கட்டவும் அறிந்துகொண்டது என்றார்.

2004 டிசம்பர் 26 சுனாமி முல்லைத்தீவுக் கரையை ஆட்களோடு துடைத்துக்கொண்டு போனது. உதவி நிறுவனங்கள் பைபர் படகும் வலையும் கொடுத்தன. சுனாமி கண்ட கரைகள் பலவற்றில் அந்தக் கரையின் மீனுக்குப் பொருந்தாத கண் அளவில் வலைகள் வந்து சேர்ந்தன. பெரிய கண்ணைச் சிறிதாக்க எந்த ஊசியாலும் முடியாது. பிறகு 2009, போரின் இறுதி மாதங்கள். மாத்தளனிலிருந்து முள்ளிவாய்க்கால் வரை, நந்திக்கடலுக்கும் பெருங்கடலுக்கும் இடைப்பட்ட அந்த ஒடுங்கிய மணற்றிட்டில், சனம் உயிரை மட்டும் தூக்கிக்கொண்டு வெளியேறியது. இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாம் 2012 செப்ரெம்பரில் மூடப்பட்டது. திரும்பி வந்தவர்களிடம் படகும் வலையும் இல்லை, ஊசிகூட இல்லை. இருந்தது கைப்பழக்கம். மீள்குடியேறிய கரைகளில் குடும்பத்தைத் தனியே சுமந்த பெண்கள் சிலருக்கு முதல் கூலி, அடுத்தவர் வலையைப் பொத்திக் கொடுத்ததில் கிடைத்தது.

இப்போது தங்கூசி. ஒற்றை இழை நைலோனுக்கு எங்கள் கரையில் வழங்கும் பெயர். மலாய் மொழியிலும் தூண்டில் நரம்பைத் தங்சி என்பார்கள், இரண்டுக்கும் உறவு இருக்க வேண்டும். தங்கூசி வலை நீரில் தெரியாது, மீன் ஏமாறும், விலையும் மலிவு. ஆனால் மயிரிழை போன்ற அந்த நரம்பில் கை முடிச்சு நிற்பது அரிது, கண்ணும் பிடிக்காது. அதனால் யாரும் பொத்துவதில்லை. கிழிந்தால் மேற்கயிற்றையும் அடிக்கயிற்றையும் மிதப்பையும் ஈயத்தையும் கழற்றிக்கொண்டு, வலையை எறிந்துவிட்டுப் புது வலை கோக்கிறார்கள். எறிந்தது கரையில் கிடந்தால் காகத்தின் காலில், கடலில் கிடந்தால் யாரும் எடுக்காத மீனையும் நண்டையும் பிடித்தபடி. இலங்கையில் ஒற்றை இழை வலையைத் தடைசெய்யும் ஒழுங்குவிதிகள் 2006-ல் வந்தன. தடை தாளில் இருக்கிறது, பறிமுதல் செய்தியும் இடைக்கிடை பத்திரிகையில் வருகிறது, வலையும் கடலில் இருக்கிறது.

என் கணக்கில் இந்தத் தொழிலின் வரலாற்றில் முன்னேற்றம் என்று துணிந்து சொல்லக்கூடியவை மூன்று: அழுகாத முறுக்கு நூல், அளவு தவறாத பிளாஸ்ரிக் ஊசி, முனை சுடும் தீ. தங்கூசியை அந்த வரிசையில் சேர்க்க மாட்டேன். பொத்த முடியாத வலை ஏழைக்கு மலிவு என்பது பொய்க்கணக்கு. ஆறு முறை மலிவாக வாங்கியவர் ஒருமுறை நல்ல வலை வாங்கியவரைவிட அதிகம் கொடுத்திருப்பார்.

அடிமடி இழுவையை 2017-ல் சட்டம் தடுத்தது. எல்லை தாண்டி வரும் இந்திய றோலர்கள் வடகடலில் வலையை அறுத்துப் போவது நிற்கவில்லை. கரைவலையை ஆட்களுக்குப் பதில் உழவியந்திரம் இழுப்பது சரியா என்ற சண்டையும் எங்கள் கரையில் ஓயவில்லை. அவற்றுக்குத் தனி அத்தியாயம் வேண்டும்.

ஐயா பொத்தி முடித்து எழுந்தபோது பெருவிரலில் வலைநூல் வெட்டிய தழும்பைக் கண்டேன். மூங்கில் ஊசி வைத்திருக்கிறீர்களா என்று கேட்டேன். தகப்பன் செதுக்கிய ஒன்று இருந்ததாம், சுனாமியோடு போய்விட்டது. அந்தக் கரையில் பத்து வாடிகளில் விசாரித்துவிட்டேன். எல்லோரிடமும் பச்சையும் நீலமுமாகப் பிளாஸ்ரிக் ஊசிகள்தான்.

வாசகர்களே, உங்கள் வீட்டுக் கூரைச் செருகலிலோ பழைய கடகத்துக்குள்ளோ மரத்தில் அல்லது மூங்கிலில் செதுக்கிய வலை ஊசி, அளவுப் பலகை, சுட்ட மண் குண்டு ஏதாவது கிடந்தால் அடுப்புக்குள் போட்டுவிடாதீர்கள். படம் எடுத்து, செதுக்கியவர் யார், எந்த மரம், எத்தனை விரற் கண்ணுக்கு உரியது என்று தெரிந்ததை எழுதி அனுப்புங்கள். அடுத்த வாரம் வள்ளத்தின் அடியில் விழும் ஓட்டையை அடைப்பதைப் பற்றி எழுதுகிறேன், அதற்கும் பனிச்சங்காய் வேண்டும்.

(தொடரும்)